வெள்ளி மறைந்த காலை

தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்கடை அக்கா என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்தின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்து மாட்டுவது அவள் வேலை. வீட்டில் மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். பேச்சு போய்விட்டது. ஒரு கை மட்டும் அசையும். அந்தக் கையில் ஒரு ஸ்பூன். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீருக்கு, தலையணையைத் திருப்ப, ஜன்னலைச் சாத்த, சாத்திய ஜன்னலைத் திறக்க. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்துபோவாள். மற்ற நேரமெல்லாம் எழுந்து ஓடுவது மருமகள்தான்.

அவளுக்கென்று மிஞ்சியது விடியலுக்கு முன் கொஞ்ச நேரம். கடை முதலாளி பழைய சாமான்காரரிடம் போடவிருந்த தொலைநோக்கியைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். பின்தோட்டத்தின் கோடியில், துணி காயப்போடும் கம்பிக்கு அப்பால் அதை நிறுத்தி, சின்னக் கேமராவை மாட்டிக் கோள்களைப் படம் பிடிப்பாள். அந்நேரத்தில் தரையின் சூடு தணிந்து காற்று அடங்கியிருக்கும். வியாழன் அப்போதுதான் நடுங்காமல் உட்கார்ந்து கொடுக்கும். அப்படியும் ஒரே படத்தில் எதுவும் தெளிவாக விழாது. வீடியோ எடுத்து, அதில் தெளிவான காட்சிகளை மட்டும் பொறுக்கி, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும்.

கணவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். "வானத்துல இருக்கிறதை எல்லாம் எடுக்கிற, கட்டின புருஷன் மூஞ்சிய ஒரு நாளாவது எடுத்திருக்கியா?" என்பார்.

"உங்க மூஞ்சிக்கு இவ்வளவு பெரிய லென்ஸ் எதுக்குங்க?" என்பாள் அவள்.

ஒருநாள் விடிகாலையில் தேய்பிறை நிலா வெள்ளியை மறைக்கப் போவதாக அவள் படித்தாள். அவள் ஊரிலிருந்து பார்க்க அது அபூர்வம். முந்தின இரவே கணவரிடம் சொன்னாள்.

"நாளைக்குக் காலையில மட்டும் அத்தைய நீங்க பாத்துக்கோங்க. நடுவுல என்னால விட்டுட்டு வர முடியாது."

"சரி, சரி. போய்ட்டு வா." கண் செல்போனிலேயே இருந்தது.

வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நிலாவின் ஒளிக்கீற்று வெள்ளியைத் தொட்டு மெல்ல மெல்ல விழுங்கியது. பிறகு காத்திருப்பு. நிலாவின் மறுபக்கம், இருண்ட விளிம்பில் வெள்ளி எந்த நிமிடமும் எட்டிப் பார்க்கும். கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது, ஒன்றுமில்லாத இருட்டிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம் கசிந்தது. யாருமில்லாத தோட்டத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

உள்ளே வந்து கைகழுவிவிட்டு மாமியாரின் அறைக்குப் போனாள். ஸ்பூன் தரையில் கிடந்தது. கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

இதயம் நின்றுவிட்டது, பக்கத்தில் யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். நாத்தனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்போதாவது ஒரு பை பழத்தோடு வந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடும் மகள் அவள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"எங்கம்மா உயிருக்குப் போராடிட்டு இருந்திருக்கா. இவங்க நிலாவைப் போட்டோ புடிச்சிட்டு இருந்திருக்காங்க!"

மருமகள் தன் கணவரைப் பார்த்தாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே, வந்த ஒருவரிடம், "பஸ்ஸு உடனே கிடைச்சுதா?" என்று கேட்டார்.

எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டாள்.

"உங்க தங்கச்சிகிட்ட உண்மையைச் சொன்னா என்னங்க?"

"சொன்னா அம்மா வந்துடுவாங்களா?" அவருக்குக் கோபம் வந்தது. "நீயும் வீட்லதானே இருந்த. ரெண்டாவது தடவை தட்டினப்பவாவது வந்திருக்கலாம்ல?"

தோட்டக் கோடிக்கு அந்தச் சத்தம் கேட்காது. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனை தடவை தட்டினாங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தார். "தூக்கக் கலக்கம்," என்றார். "நீ போவேன்னு படுத்திருந்தேன். எப்பவும் நீதானே போவ. அப்புறம் சத்தம் நின்னுச்சு. நீ வந்துட்டேன்னு நெனச்சுத் தூங்கிட்டேன்."

மறுநாள் நாத்தனாருக்குப் போன் செய்தாள். பாதி சொல்வதற்குள், "உங்க தப்பை மறைக்க எங்கண்ணன் மேலயே பழி போடுறீங்களா அண்ணி?" என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். அதற்குமேல் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் அவள் உள்ளே நுழைந்தால் பேச்சு தாழும்.

அந்த வீடியோவை வெகுநாள் கழித்துத்தான் திறந்தாள். அவள் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். காட்சிகளைப் பொறுக்கும்போது, இதில் எந்த நொடியில் ஸ்பூன் தட்டியிருக்கும் என்று மனம் போய்க்கொண்டே இருந்தது. அடுக்கி முடிக்காமலே மூடிவிட்டாள்.

ஆனால் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. மாமியார் இருந்த அறையிலேயே படுத்துக்கொண்டு, அங்கிருந்து எழுந்து போனாள். வருடம் திரும்பி ஒருநாள், அவள் சனிக்கோளுக்குக் குறிவைத்துக்கொண்டிருந்தபோது கணவர் டீயோடு வந்து நின்றார்.

"நானும் ஒரு தடவை பாக்கட்டுமா?"

"கேமரா மாட்டியிருக்கு. பாக்க முடியாது."

கழற்ற ஒரு நிமிடம் ஆகாது. அது அவருக்குத் தெரியாது. டம்ளரைத் துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டு, சற்று நின்று பார்த்து, உள்ளே போனார்.

சனியை எடுத்து முடித்தபின் அவள் ஆறிப்போன டீயைக் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு டீ போடத் தெரியும் என்பதே இத்தனை வருடத்தில் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.