அந்தச் சாம்பல் நிற பைக்கை அவர் எனக்கு விற்கவில்லை

குணமண்ணை போய்விட்டார். காலையில் நம் ஆட்களின் இந்தக் குரூப்பில் பார்த்தேன்.

சான்ட்ரிங்ஹாமில் தன் வீட்டு கராஜில் வைத்து செகண்ட் ஹாண்ட் மோட்டார் சைக்கிள் விற்றவர். எண்பதுகளில் ஆக்லாந்துக்கு வந்திறங்கிய எங்கள் ஆட்கள் பலரின் முதல் பைக் அந்தக் கராஜிலிருந்துதான் வந்தது.

நல்ல மனிதர், பெரிய மனசு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். எழுதுங்கள். எனக்கு அவரைப் பிடிக்காது. இறந்துவிட்டார் என்பதற்காக இன்று பிடித்துவிடவும் இல்லை.

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் ஒருவர் எழுதியிருக்கிறார்: "அந்தக் காலத்திலேயே ஒரு தமிழ் ரீச்சரை நம்பி பைக் விற்ற முற்போக்காளர்."

அந்த ரீச்சர் நான்தான்.

எனக்கு அப்போது ஆக்லாந்தின் தெற்கே விரி என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் கணக்கு வகுப்பு. பஸ்ஸில் டவுனுக்குப் போய், அங்கிருந்து இன்னொன்று பிடித்துப் போய்ச் சேரும்போது முதல் பாடம் பாதி முடிந்திருக்கும். "நேரத்துக்கு வர முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்" என்று பிரின்சிபல் மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

கார் வாங்க வழியில்லை. பைக்தான். லேர்னர் லைசென்ஸ் எடுத்தேன். புதிதாக ஓட்டுகிறவர்கள் 250 சிசிக்கு மேல் தொடக் கூடாது என்பது சட்டம்.

நானும் என் கணவரும் கராஜுக்குப் போனோம். குணமண்ணை என்னைப் பார்க்கவே இல்லை. இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு எஞ்சின், பெட்ரோல் எல்லாம் விளக்கினார். இவரும் பாவம், தலையாட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியில் இவர் சொன்னார், "அண்ணை, எனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது. ஓடப்போறது அவ."

குணமண்ணை சிரித்தார்... அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"தங்கச்சி, ஊரில ஓடியிருக்கிறீரே?"

"ஓம். அண்ணாவின்ர பைக். வீட்டுக்கு முன்னால ஒழுங்கைக்குள்ள."

"ஒழுங்கையில கோழி கலைச்சது ஓட்டமே?" என்றுவிட்டு ஒரு 50 சிசி மொபெட்டைக் காட்டினார். "இது காணும் உமக்கு. பின்னால ஒரு பெட்டி கட்டினா மீனும் விக்கலாம்."

நான் கேட்டது மூலையில் நின்ற சாம்பல் நிற 250. ஃபோர் ஸ்ட்ரோக். டாங்க் நெளிந்திருந்தது. ஆனால் ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதிந்தன. முதல் பைக்குக்கு வேறென்ன வேண்டும்?

"அது வித்துப்போச்சு" என்றார்.

அடுத்த வாரம் போனேன். அங்கேயே நின்றது. "வித்துப்போச்சு எண்டனான் எல்லே?"

அதற்கடுத்த வாரமும் நின்றது. அன்றைக்கு இவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "தம்பி, பொம்பிளை விழுந்து காலை முறிச்சா சனம் என்னையெல்லே கதைக்கும்."

அதே மாதத்தில், வந்து சில வாரமேயான ஒருவருக்குச் சிவப்பு 250 ஒன்றை விற்றார். டூ ஸ்ட்ரோக்.

ஆசிரியை அல்லவா, ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் ஒரே வயது. ஒருத்தி மணியடிக்கும் வரை ஒரே மாதிரி வேலை செய்வாள். மற்றவன் பாதி நேரம் தூங்கிக் கிடந்துவிட்டுத் திடீரென்று மேசை மேல் ஏறிக் குதிப்பான். சாம்பல் நிறம் அவள். சிவப்பு அவன். சட்டம் வயதை, அதாவது சிசியை, மட்டும்தான் கேட்டது.

அந்த மனிதர் முதல் வாரத்திலேயே மவுண்ட் ரோஸ்கில் மேட்டில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டார். குணமண்ணையை யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவரோ, "250க்குள்ளதானே குடுத்தனான்? அவனுக்கு ஓடத் தெரியேல்லை" என்று சொல்லித் திரிந்தார்.

எங்கள் பக்கத்து வீட்டில் சாமி என்று ஒரு ஃபிஜிக்காரர், தச்சு வேலை. பாட்டன் காலத்துத் தமிழில் நாலைந்து சொல் மிச்சம் வைத்திருந்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நோ வொரிஸ், டீச்சர்" என்றார்.

சனிக்கிழமை காலையில் நான் கொடுத்த காசோடு கராஜுக்குப் போனார். மத்தியானத்துக்குள் சாம்பல் நிற பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். யாருக்கும் விற்றுப்போயிருக்கவில்லை.

சாமியின் மனைவி சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன். நேரே குணமண்ணையின் கராஜ்.

மனிதர் பைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்கள் சொன்னது சரி அண்ணை," என்றேன். "வித்துப்போச்சு."

திங்கட்கிழமை மணியடிக்க முன்னரே வகுப்பில் நின்றேன். வேலை நிலைத்தது. ஓய்வு பெறும் வரை இந்த ஊரில் கணக்குப் படிப்பித்தேன்.

ஒருமுறை நான் அவர் வீட்டைக் கடந்து போகும்போது வாசல் கேட்டருகே நின்று கத்தினார், "ரீச்சர், செயின் தளர்ந்து கிடக்குது!" நான் நிற்கவில்லை. வளைவு தாண்டி நிறுத்திப் பார்த்தேன். தளர்ந்துதான் கிடந்தது. சாமி இறுக்கித் தந்தார். குணமண்ணைக்கு நன்றி சொல்லவில்லை.

சில வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில், எனக்குப் பின் வரிசையில் இருந்துகொண்டு யாருக்கோ சொல்கிறார்: "உவ ரீச்சருக்கு முதல் பைக் குடுத்தது நான்தான். பொம்பிளையெண்டு பாக்கேல்லை." நான் திரும்பிப் பார்த்தேன். சிரித்தார். அதே சிரிப்பு... அதற்குப் பிறகு எத்தனை சபையில் சொன்னாரோ. இன்று அஞ்சலியிலும் வந்துவிட்டது.

வீட்டாருக்கு என் அனுதாபங்கள். செத்த வீட்டுக்கு வருவேன், பூவும் வைப்பேன்.

போய்ச் சேருங்கள், குணமண்ணை. அந்த பைக்கை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். அது என்னுடையது.