மலைமேல் செவ்வாய்

சாரல் முடிந்துவிட்டால் குற்றாலத்தில் சிப்ஸ் கடைக்காரர்களுக்கு ஈ ஓட்டுவதுதான் வேலை. பொன்செல்வி அதையும் செய்யவில்லை. ஈக்கள் கண்ணாடிப் பெட்டிமேல் சாவகாசமாக உட்கார்ந்திருக்க, அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு செவ்வாய்க் கிரகத்தில் உலாவிக்கொண்டிருந்தாள்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். கொல்லத்தில் நர்ஸாக இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்த போனில் சமையல் வீடியோ தேடப் போய், ராக்கெட் ஏவும் நேரலையில் மாட்டிக்கொண்டாள். அன்று பிடித்த பைத்தியம். தமிழில் விளக்கும் சேனல்கள், தினம் ஒரு வானப் படம் போடும் தளம், செவ்வாயில் ஊரும் வண்டி அனுப்பும் படங்கள், பாடம் முடிந்ததும் கேள்வி கேட்டு மார்க் போடும் இலவச வகுப்பு என்று ஒன்றையும் விடவில்லை.

அவள் கணவர் ஸ்டான்லிக்கு செல்போன் டவரில் ஏறிப் பழுது பார்க்கும் வேலை. இரவு சாப்பிடும்போது அன்று வேலையில் பட்ட பாட்டை ஒன்றுவிடாமல் சொல்வார். அவள் இயர்போனைக் கழற்றாமல் “ம்” போடுவாள். அந்த “ம்” எந்தக் கிரகத்திலிருந்து வருகிறதென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை.

இலத்தூர் சர்ச்சில் அவளைப் பற்றிப் பெருமையடித்ததும் அவர்தான். “எங்க வீட்டுக்காரி வானத்தையே கரைச்சுக் குடிச்சிருக்கா.” அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபம் முடிந்து இருட்டியதும், ‘எங்களுக்கும் காட்டுங்க’ என்று சர்ச் மைதானத்தில் பெண்களும் பிள்ளைகளும் கூடிவிட்டார்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள். இத்தனை படித்தவள் நிஜ வானத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. சாரல் மாதங்களில் வானம் மூடிக் கிடக்கும். மற்ற நாளில் தலைக்குமேல் கடையின் தகரக் கூரை. பயமாக இருந்தது. சிப்ஸ் கடைக்காரிக்கு வானம் எதற்கு என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே.

நட்சத்திரம் காட்டும் ஆப்பைத் திறந்தாள். மேற்கே, மலைக்குச் சற்று மேலே செவ்வாய் என்றது. நிமிர்ந்தாள். சொல்லிவைத்தாற்போல் அங்கே சிவப்பாய் ஒரு புள்ளி!

“அங்கன பாருங்க! நட்சத்திரந்தான் மினுங்கும், கிரகம் மினுங்காது. அதான் செவ்வாய்.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். போதகரின் மனைவி “ஸ்தோத்திரம்” என்றார். பின்னாலிருந்து ஒருவர் மட்டும், “ஸ்டான்லி அண்ணாச்சி, அங்கன உங்க டவருல்லா நிக்கி?” என்று கேட்டார்.

ஸ்டான்லி மனைவியின் முகத்தைப் பார்த்தார். “டவர் லைட்டுதான் ரொம்ப நாளா எரியலையே. அது செவ்வாய்தான்” என்றார்.

பைக்கில் திரும்பும்போது பொன்செல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. “நல்லா சொன்னேனா?” என்று இரண்டு தடவை கேட்டாள். “நல்லா சொன்னட்டி” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

வளைவு தாண்டியதும் டவர் கிட்டத்தில் வந்தது. உச்சியில், இரும்புக் கம்பிகளுக்கு நடுவே, மினுங்காமல் எரிந்துகொண்டிருந்தது அவளுடைய செவ்வாய்.

“நிறுத்துங்க.”

காது மடல் வரை சுட்டது. கைதட்டிய பிள்ளைகளும் ஸ்தோத்திரம் சொன்ன அம்மாவும் கண்முன் வந்து நின்றார்கள். நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எந்த முகத்தோடு இனி அந்த மைதானத்தை மிதிப்பது? வெட்கம் பொறுக்காமல் அது கோபமாகத் திரும்பியது.

“லைட்டு எரியலன்னியளே?”

“நேத்துதான் மாத்துனேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எல்லாரு முன்னாலயும் என் மானம் போச்சே!”

“சொன்னேனேட்டி. ராத்திரி சாப்பிடும்போது.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. தட்டில் சோறு, காதில் செவ்வாயின் புழுதிப்புயல், அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்பது மட்டும் வரவில்லை. இதுவரை பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

“வேற என்ன சொன்னிய?” என்றாள் மெதுவாக.

அவர் ஹேண்டில்பாரைப் பார்த்தபடியே சொன்னார். “பாதி ஏறும்போதே கை நடுங்கிட்டு. பெல்ட்டு இல்லன்னா விழுந்திருப்பேன். இனிம ஏறட்டுமான்னு உங்கிட்ட கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“ம்-னு சொன்ன. அதான் நாளைக்குச் செங்கோட்டை டவர்ல ஏறுதேன்னு கம்பெனியில ஒத்துக்கிட்டேன்.”

பொன்செல்வி அவர் கையைப் பிடித்தாள். அது லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

“போவாண்டாம்” என்றாள். நேற்றே சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்ல அவளுக்கு நா கூசியது.