தம்பி எடுத்த மலை

“இன்னைக்கும் ஒரு மேகம்கூட இல்ல.”

காலையில் வாசல் கதவைத் திறந்ததும் என் தம்பி சொல்லும் முதல் வார்த்தை இதுதான். துணி காயப்போடுகிற நாங்கள் வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். இவன் மட்டும் வானத்தோடு ஏதோ சொத்துத் தகராறு இருப்பவன் போல முறைத்துக்கொண்டு நிற்பான்.

அப்போது அவனுக்கு மலைமேல் குடிநீர் பம்பு நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. மோட்டார் ஓடாத நேரமெல்லாம் கேமராதான். அதிலும் கறுப்பு வெள்ளை, அதிலும் மலையும் வானமும். வெறும் நீல வானம் படத்தில் வெள்ளையடித்த சுவர் மாதிரி வருமாம். மேகம் வந்தால் லென்சுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடி மாட்டுவான். நீலம் கறுத்து, மேகம் மட்டும் பளிச்சென்று நிற்கும். உச்சி வெயிலில் எடுத்த படம் புயல் வரப்போகிற சாயங்காலம் போல இருக்கும். நிலையத்தில் அவனுக்கு ‘மேகக்காரர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

குழந்தை பிறந்து அவன் மனைவி தன் அம்மா வீட்டில் இருந்தபோது அவனுக்கு மலைமேலேயே குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை. வந்து குடித்தனம் பண்ணு என்று அவளைக் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்து வர்ணிக்கிற ஆளா அவன்? இருப்பதிலேயே நல்ல படங்களாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தனுப்பினான்.

அவள் அவற்றைக் கட்டிலில் பரப்பினாள். கரிய வானம், இருண்ட சரிவு, ஒற்றையாக ஒரு மரம். குழந்தையை மடிக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

“அண்ணி, இங்க ஆளுங்க இருக்காங்களா?”

நான் அங்கே போய்த் தங்கிவிட்டு வந்தவள், நாலு குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் போடும் கூச்சலில் காது கிழியும், சரிவு முழுக்க மஞ்சள் பூ என்றெல்லாம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படத்தையே பார்த்தாள். நான் ஆயிரம் சொல்லலாம், படம் பொய் சொல்லுமா என்பது அவள் கட்சி. அங்கே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று முடித்துவிட்டாள்.

திரும்பிப் போய்த் தம்பியைப் பிடித்து உலுக்கினேன். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் போகட்டும் என்று காத்திருந்து எடுத்தானாம், புத்திசாலி. ஒரே ஒரு கலர் படம் எடு, பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்துவதையும் சேர்த்து எடு, அது போதும் என்றேன்.

“கலர்ல எடுத்தா பூதான்க்கா தெரியும். மலையோட உருவம் தெரியாது.”

“நீ குடித்தனம் பண்ணப் போறது மலையோடவா, அவளோடவா?”

அவன் அந்தப் படங்களில் அமைதியைப் பார்த்தான். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. அவளும் ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. லீவுக்கு அவன் வருவதும் போவதுமாகவே காலம் ஓடிவிட்டது. மகள் அப்பாவை விருந்தாளி போலப் பார்த்தே வளர்ந்தாள்.

அவன் ஓய்வு பெற்றபோது சாமான் கட்டத்தான் அவள் முதன்முதலாக மலை ஏறினாள். கூட நானும் போனேன். நல்ல வெயில். சரிவெல்லாம் பச்சை, நடுவே மஞ்சள். மதில்மேல் பிள்ளைகள். ஒரு வீட்டில் குக்கர் விசில், இன்னொரு வீட்டில் சண்டை. அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“இதையா அப்படி எடுத்தீங்க?”

“எனக்கு அப்படித்தான் அழகா இருந்துச்சு. அதான் உனக்கு அனுப்பினேன்.”

கட்டிவைத்த மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் சாவி வாங்கப் புது ஆபரேட்டர் மனைவியோடு வந்தார். அந்தப் பெண் ஜன்னலைத் திறந்து, காற்று நன்றாக வருகிறது என்றாள்.

இப்போது இருவரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல் கடை மாடியில் இருக்கிறார்கள். கூடம் முழுக்க அந்தப் படங்கள். யாராவது வந்தால் அவன் மேகத்தைக் காட்டுவான். பூ எங்கே, பிள்ளைகள் உட்காரும் மதில் எங்கே என்று அவள் விரல் வைத்துக் காட்டுவாள், ஒரே நாள் பார்த்ததை வைத்துக்கொண்டு. ஒரு மத்தியானம் நீங்களும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ‘எவ்வளவு தனிமை’ என்று மட்டும் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.