ஊரைக் கேட்டேன், நீதிபதியைக் கேட்கவில்லை

பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, சொந்தமாக மீன்கடை போட்டவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காவிட்டாலும், முகத்தைப் பார்த்தே ஆளைக் கணித்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னையே ஒருவன் ஏமாற்றிவிட்டான்.

என் சிநேகிதன் துரைக்குப் பக்கவாதம் வந்தபின் நினைவு தடுமாறுகிறது. குடும்பம் இல்லை. ஸ்தேன் புறநகரில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறான். சாவி என்னிடம் இருந்தது. ஒருநாள் கோட்டுப் போட்ட ஒருவன் கடைக்கு வந்தான்.

"அண்ணை, இனி நான்தான் துரையண்ணைக்குச் சட்டப்படி பாதுகாவலர். படிச்சுச் சான்றிதழும் எடுத்தனான்."

"எந்த ஊர் தம்பி?" என்றேன். எங்களுக்குப் பக்கத்து ஊரைச் சொன்னான். சாவியைக் கொடுத்துவிட்டேன்!

அடுத்த வாரம் போனால், கட்டிலைக் கழற்றி வைத்திருக்கிறான். துரை கதிரையில் இருந்தபடி, "என்னை எங்கையடா கொண்டுபோறாங்கள்?" என்று அழுதான். கோட்டுக்காரன் துரையை முதியோர் இல்லத்தில் விட்டு, வீட்டை விற்கப்போகிறானாம்!

துரையைக் குளிப்பாட்ட வரும் தாதி குறுக்கே நின்று பிரெஞ்சில் கேட்டாள்: "உங்களை நியமித்த நீதிபதி யார்?"

கோட்டுக்காரன் சான்றிதழை நீட்டினான். அது மட்டும் போதாது என்றாள் தாதி. அரச அனுமதி பெற்று, நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, நீதிபதி நியமித்த பிறகே பாதுகாவலராம். சாவியைப் பறித்து, "இறங்கடா கீழை!" என்று துரத்தினேன்.

என் மீன்பெட்டியின் குளிரை அளக்கக்கூட அதிகாரி வருகிறார். உயிருள்ள மனிதனைப் பொறுப்பெடுப்பவனிடம் நாங்கள் ஊரை மட்டும் விசாரிக்கிறோம். வெட்கக்கேடு!

இப்போது துரைக்கு முறையான பாதுகாவலரை நீதிமன்றத்திடம் கேட்டிருக்கிறோம். யார் வந்தாலும், நியமித்த நீதிபதி யார் என்றுதான் முதலில் கேட்பேன். ஊரைத் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.