மண்டபத்துக்கு மேல் குணசேகரன் தூங்கிய விதம்

குணசேகரன் படுப்பதற்கு முன் பஞ்சைக் கிள்ளி உருட்டுவான். ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு மறுபடி உருட்டி, இடது காதுக்குக் கொஞ்சம் பெரிதாகவும் வலது காதுக்குக் கொஞ்சம் சிறிதாகவும் அடைப்பான். அதன்மேல் ஈரத் துண்டை மடித்துக் காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றி இறுக்கி, முடிச்சை நெற்றிக்கு நேரே போடுவான். பார்க்கிறவர்களுக்குப் பல்வலிக்காரன் போலிருக்கும். அப்போது மணி காலை ஆறரை. ஐஸ் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு அதுதான் ராத்திரி.

காரைக்காலில் ஒரு காம்ப்ளெக்ஸின் இரண்டாம் மாடிக்கு அவனும் மனைவி பூங்கொடியும் குடிவந்தது 2006 ஆடி மாதம். கீழே கடைகள், முதல் மாடியில் கல்யாண மண்டபம். ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்? "கோயில் மாதிரி அமைதி" என்று பெருமையடித்துக்கொண்டான். ஆவணி பிறந்தது.

தவில் சத்தம் கட்டில் கால் வழியாக ஏறி முதுகெலும்பில் உட்கார்ந்தது. மண்டப மேனேஜர் நூருல் அமீனிடம் போய் நின்றான்.

"கல்யாண வீட்டுல சத்தம் போடாம எழவு வீட்டுலயா தம்பி போடுறது?" என்றார் அவர்.

மூன்றாவது முகூர்த்தத்தன்று வேலையில் நின்றபடியே தூங்கிவிட்டான். "இன்னொரு தடவ தூங்குன, அப்பறம் வீட்டுலயே தூங்கிக்கலாம்" என்றார் கம்பெனி முதலாளி. அது ஒன்றுதான் முடியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நான்காவது முகூர்த்தம். மாப்பிள்ளை பட்டினச்சேரி, பெண் மண்டபத்தூர். அவன் படுத்ததும் படுக்காததுமாக ஸ்பீக்கர் அலறியது.

"பல்லக் கடிச்சா சத்தம் கொறையுமா? போயி கேளுங்க" என்று பூங்கொடி அவனைக் கிளப்பிவிட்டாள்.

கைலியும் தலைக்கட்டும் சிவந்த கண்ணுமாக மண்டபத்துக்குள் நுழைந்தான். பெண்ணின் அப்பா கோவிந்தராசு, மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று ஓடிவந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ன கொற வச்சோம், சொல்லுங்க. காபி வரலீங்களா?"

காதில் பஞ்சு. குணசேகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை; முறைத்தபடி நின்றான். பதில் பேசாத சம்பந்தியைவிடக் கோபக்காரச் சம்பந்தி உலகத்தில் கிடையாது. கோவிந்தராசுக்கு வியர்த்துவிட்டது. சந்தனம் வந்தது, பன்னீர் வந்தது, நாற்காலி வந்தது. இவன் ஸ்பீக்கரை நோக்கி விரலை நீட்டினான். அது அடங்கியது.

மாப்பிள்ளையின் அத்தை குஞ்சம்மா எட்டிப் பார்த்தாள். "பொண்ணு வீட்டுல பெரிய கை போலருக்கு. அவங்களே இந்த நடுங்கு நடுங்குறாங்க. இவர மொதல்ல சமாதானம் பண்ணுங்கடா."

தலைக்கட்டைப் பார்த்துத் தலைவலி என்று அவர்களே முடிவு கட்டினார்கள். நாலு பேர் தாங்கிக்கொண்டு போய் மாப்பிள்ளை அறையில் படுக்க வைத்தார்கள். ஏசி. மெத்தை. கதவைச் சாத்தினால் நாதஸ்வரம்கூடக் கொசுச் சத்தம். உடை மாற்ற வந்த மாப்பிள்ளை வெளியிலேயே காத்து நின்றான்.

பதினோரு மணிக்கு எழுந்து, பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு மாடியேறினான்.

"சண்ட போடப் போனவரு தேங்காயோட வர்றீங்க" என்றாள் பூங்கொடி.

அதன்பின் எந்த முகூர்த்தத்திலும் அவன் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்று படி இறங்கினால் போதும். யாராவது ஸ்பீக்கரை அணைக்க ஓடுவார்கள், யாராவது அறைக் கதவைத் திறப்பார்கள்.

"இன்னிக்கி நீங்க எந்த வீடு?" என்று பூங்கொடி கேட்பாள்.

"தெரியல. ரெண்டு வீடும் பயப்படுது."

வேலையில் அதற்கப்புறம் அவன் கண் சொருகவில்லை. தை முடிவதற்குள் கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. தன் முகத்தில் அப்படி ஒரு களை இருக்கிறது போலும் என்று கண்ணாடியைக்கூட இரண்டு தரம் பார்த்துக்கொண்டான்.

மூன்று வருடம் கழித்து அவர்கள் வீடு மாறியபோதுதான் மைக்செட் தாவூது சொன்னான்: அந்தப் பட்டினச்சேரிக் கல்யாணத்துக்கு மறு முகூர்த்தத்திலிருந்து, மண்டபச் சாவியைக் கொடுக்கும்போதே நூருல் அமீன் பெண் வீட்டாரைத் தனியே கூப்பிட்டு, "மேலேருந்து ஒருத்தர் வருவாரு, மாப்பிள்ளைக்குப் பெரியப்பா மொற, கோவக்காரரு, பாத்துக்கிடுங்க" என்பாராம்; மாப்பிள்ளை வீட்டாரிடம், பெண்ணுக்கு மாமன் முறை என்பாராம்.