மாதாவுக்கு எழுதிய மன்றாட்டு

செல்போன் எங்கள் ராயபுரத்துத் தெருவுக்கு வராத காலம். பத்திரிகைக்கு ஒரு கதை எழுதி முடித்து, சாயங்காலத் தபால் எடுப்பதற்குள் பெட்டியில் போட வேண்டுமே என்று பறந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்தாள். விசைப்படகில் கடலுக்குப் போன அவள் புருஷன், திரும்ப வேண்டிய நாள் கடந்து மூன்று நாளாகியும் வரவில்லை.

"யக்கா, மாதா கோயில் பெட்டில போட ஒரு மன்றாட்டு எழுதிக் குடு. எனக்கு எழுத வராது."

ஒரு கண் கடிகாரத்தில் இருக்க, மளமளவென்று எழுதி வாசித்தேன். "கருணைக் கடலே, அலைகடலில் அல்லலுறும் என் ஆருயிர்த் துணைவரைக் கரை சேர்த்தருளும்." எனக்கே பெருமையாக இருந்தது.

ஸ்டெல்லா உதட்டைப் பிதுக்கினாள். "சோக்காத்தான் கீது. ஆனா கேக்குறது நான்தான்னு மாதாவுக்கு எப்டிக்கா தெரியும்? நான் தெனம் பேசினுகீற பேச்சுதான அவங்களுக்குப் பழக்கம்?"

எனக்குச் சுருக்கென்றது. வேறு தாள் எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். "மாதாவே, அந்தாளு வூடு வந்து சேரட்டும். வந்தா திட்ட மாட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரொம்பத் திட்ட மாட்டேன்னு போடுக்கா" என்றாள்.

இரண்டாம் நாள் அவன் வந்து சேர்ந்தான். இஞ்சின் பழுதாம். அவள் திட்டியது தெருமுனை வரை கேட்டது.

அன்று தபாலைத் தவறவிட்ட என் கதை மேசையிலேயே கிடந்தது. எடுத்துப் படித்தேன். பெயரை மறைத்துவிட்டால், என்னைப் பெற்றவளாலும் அதை எழுதியது நான்தான் என்று கண்டுபிடிக்க முடியாது.