ஒன்பதும் நாற்பத்தொன்றும்

ஓட்டலின் அடித்தளத்தில் அவளுக்குத் தையல் வேலை. மேல்மாடி அறைகளில் கிழிந்துபோன படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் ஒரு பெரிய குழாய் வழியாகச் சரிந்து வந்து அவள் காலடியில் விழும். தைத்து மடித்து வண்டியில் அடுக்கி வைத்தால் யாராவது வந்து தள்ளிக்கொண்டு போவார்கள். பக்கத்து அறைச் சலவை இயந்திரங்கள் போடுகிற சத்தத்தில், பேச ஆள் கிடைத்தாலும் பேச முடியாது. ஓட்டலில் எல்லோருக்கும் அவள் 'கீழக்கா'. கீழே இருக்கிற அக்கா என்பதால் அந்தப் பெயர்.

கணவர் தவறிப்போன பிறகு வீட்டிலும் பேச்சு இல்லாமல் போய்விட்டது. வேறு ஊரில் குடும்பமாக இருந்த மகள்தான் ஒருநாள் போனில் யோசனை சொன்னாள்.

"பாதியில விட்ட டிகிரிய முடிச்சிடேன்மா. வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல படிக்கலாம். நாலு பேரோட பேசின மாதிரியும் இருக்கும்."

படிப்புக்காக இல்லை, அந்த நாலு பேருக்காகத்தான் கீழக்கா சரி என்றாள்.

சமூகவியல் வகுப்பு. ஆசிரியர் வாராவாரம் விவாதப் பக்கத்தில் ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் தன் கருத்தை எழுத வேண்டும். மற்ற இரண்டு பேருக்குப் பதிலும் எழுத வேண்டும். கூச்சமில்லாமல் எழுதட்டும் என்று பெயரை மறைத்து, ஆளுக்கொரு எண் கொடுத்திருந்தார்கள். அவள் எண் ஒன்பது.

கேள்வி வந்த அன்றைக்கே உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவாள். சமையலறை மேஜையில், மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில், எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுவாள். பிறகு காத்திருப்பாள். வேலைக்குக் கிளம்பும்போது ஒருதரம் பார்ப்பாள், திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன் ஒருதரம் பார்ப்பாள். மற்றவர்களுக்குக் கீழே பதில்கள் வரிசை கட்டி நிற்கும். ஒன்பதுக்குக் கீழே ஈ காக்கை இல்லை.

"நான் எழுதறது அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று மகளிடம் கேட்டாள்.

மகள் சிரித்தாள். "அம்மா, எல்லாரும் கடைசி நாள்லதான் எழுதுவாங்க. மேல கண்ணுல படற ரெண்டு பேருக்குப் பதில் போட்டுட்டு ஓடிடுவாங்க. நீ முதல்லயே எழுதினா உன்னோடது அடியில போயிடும்."

அடுத்த வாரம் கடைசி நாள்வரை பொறுத்திருந்து எழுதினாள். மூன்று பதில்கள் வந்தன. 'அருமையான கருத்து. நானும் உடன்படுகிறேன்.' ஆசையோடு மற்றவர்கள் பக்கம் போய்ப் பார்த்தால், அதே வரி அங்கேயும் இருந்தது. அவள் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை. பதிலே வராத வாரங்களில்கூட இவ்வளவு வெறுமையாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு வழக்கம்போல முதல் நாளே எழுதினாள். பதில் எழுத மட்டும் பக்கத்தின் அடிக்குப் போய், தன்னைப் போல யாரும் சீண்டாமல் கிடந்தவர்களைத் தேடிப் படித்தாள். அப்படிக் கிடைத்தவர்தான் நாற்பத்தொன்று. எழுத்தில் சுளீரென்று அடிக்கிற ஆள். யாரோ துடுக்கான பையன் என்று நினைத்துக்கொண்டாள்.

'அண்டை வீட்டாரை நாம் எவ்வளவு அறிவோம்?' என்பது ஒரு வாரத்துக் கேள்வி. எதிர்வீட்டுக்காரரின் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்றாலும், அவர் தும்முவதைக் கேட்டே அன்றைக்கு உடம்பு எப்படி என்று தனக்குத் தெரியும் என்று கீழக்கா எழுதினாள். நாற்பத்தொன்றிடமிருந்து பதில் வந்தது.

'இதை அறிவது என்று சொல்லாதீர்கள். ஒட்டுக்கேட்பது என்று சொல்லுங்கள். அந்த மனிதரின் கதவை ஒருமுறையாவது தட்டியிருக்கிறீர்களா?'

அவளுக்குச் சுருக்கென்றது. கூடவே தாங்க முடியாத சந்தோஷம். ஒரு ஆள் தன்னை வரிவிடாமல் படித்திருக்கிறார்! 'நீங்க தட்டியிருக்கீங்களா தம்பி?' என்று திருப்பிக் கேட்டாள். 'இல்லை. அதனால்தான் கேட்டேன்' என்று வந்தது.

அந்தப் பருவம் முழுக்க இருவரும் முட்டிக்கொண்டார்கள். விரிப்பின் ஓரத்தை மடித்துத் தைக்கும்போது அவள் வாய் தானாகப் பதிலை முணுமுணுக்கும்.

பருவ முடிவில் எல்லோரும் கம்ப்யூட்டரில் கூடிக் குரலில் பேசும் வகுப்பு ஒன்று வைத்தார்கள். ஒரு மாலை நேரம். திரையில் வெறும் எண்கள். ஆசிரியர் ஒவ்வொருவராக அழைத்தார். நாற்பத்தொன்றின் முறை வந்தது.

"நா... நா... நான்..."

பையன் குரலே இல்லை. அவளைவிட மூத்த ஒரு மனிதரின் குரல். முதல் சொல்லிலேயே சிக்கி நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆசிரியர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, நேரமாகுது. அடுத்தவர் பேசலாம்" என்றார்.

"சார், அவர் இன்னும் முடிக்கல!" என்றாள் கீழக்கா. யாருக்கும் கேட்கவில்லை. மைக் மூடியிருந்தது. பதறிப்போய்ப் பொத்தானைத் தேடி அழுத்தினாள். "சார்! அவர் முடிக்கலியே. முடிக்கட்டும் சார். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

ஆசிரியர், "சரி... சொல்லுங்க" என்றார்.

அவர் திக்கித் திக்கித் தன் வாதத்தை முடிவுவரை சொன்னார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீளமான இடைவெளி. கீழக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் விவாதப் பக்கத்தில் அவருடைய பதில் இருந்தது. நன்றி கின்றி எதுவும் இல்லை. 'நேற்று நான் சொன்ன முடிவு தவறு. சொல்லி முடிக்க நேரம் கொடுத்ததால் எனக்கே தெரிந்தது.' அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அன்று வேலை குவிந்து கிடந்தது. என்ன எழுதலாம் என்று நாள் முழுக்க யோசித்தாள். தம்பி என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அண்ணா என்று கூப்பிடலாமா என்று கேட்க வேண்டும். முடிந்தால் முகவரியும் கேட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், எழுதுகிற கட்டத்தையே காணோம். 'இந்த விவாதம் நிறைவடைந்தது' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

கல்லூரிக்குப் போன் போட்டாள். "பேர், விலாசம் எல்லாம் கொடுக்க முடியாதுங்கம்மா" என்றார் அலுவலகத்துப் பெண், மரியாதையாகத்தான்.

தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. மகள் பூரித்துப்போனாள்.

"நாலு பேர் பழக்கமானாங்களாம்மா?"

"ஒருத்தர் ஆனார்."

"யாரு? பேரென்ன?"

"நாற்பத்தொண்ணு."

மகள் சிரித்தாள். அம்மா சிரிக்காததைக் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் குழந்தை கூப்பிட்டதும் போனை வைத்துவிட்டாள். கீழக்கா அடுத்த பருவத்துக்கும் பதிவு செய்தாள். இந்த முறை எல்லோருக்கும் வேறு எண்கள். அவள் பக்கத்தின் அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். சுளீரென்று எழுதுகிற ஆள் யாரும் இல்லை.